எட்டு மூட்டை

விலை ஏறும் என்று சொன்னது நான்.
எட்டு மூட்டை மிளகையும்
பரணில் ஏற்றியது அவர்.

ஆறாம் நாள்
தூலம் சுவரில் உட்காரும் இடத்திலிருந்து
மயிரிழை ஒன்று புறப்பட்டது.
பல்லிவால் என்று நினைத்தேன்,
நகரவில்லை.

கொட்டச்சேட்டில் விரிசலுக்கு யாரும் பதறுவதில்லை.
மண்சுவர் விரியும், பூசினால் மூடும்.
இது மேலிருந்து கீழே வந்தது
அவசரமில்லாமல்,
வழி தெரிந்த ஆள் போல.

மகனின் நோட்டில் ஒரு தாள் கிழித்துக்
கஞ்சிப் பசையால் குறுக்கே ஒட்டித்
தேதி எழுதினேன்: ஏப்ரல் ஒன்பது.
பதினொன்றாம் தேதி காலை
ஒன்பது இரண்டாகப் பிளந்திருந்தது.

செம்மடுவிலிருந்து வந்த லூர்துசாமி கொத்தனார்
சுவரைத் தொடவில்லை.
தூலத்தின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
“ஒண்ணரை அடிச் சுவரு, நல்ல மண்ணு.
யானையே ஏறி நிக்கலாம், பாதம் அகலம்.
நீங்க ஆணி முனையில நிறுத்தியிருக்கீங்க.”

விறகோ தண்ணீரோ
சும்மாடு இல்லாமல்
ஒருநாளும் நான் தலையில் ஏற்றியதில்லை.
சுவருக்கு அதை
யாரும் சுருட்டி வைக்கவில்லை.

மூட்டைகளை வாசலில் இறக்கினோம்.
எட்டு என்று ஊர் எண்ணியது.
சொசைட்டியும் எண்ணியது.
மூன்று, பழைய பாக்கிக்குப் போயின.

மச்சானின் லாரி ஜாக்கியால்
தூலத்தை அரை விரல் தூக்கி
நுனிக்கடியில்
இரண்டடி வாகைப் பலகையைப் படுக்க வைத்தார் கொத்தனார்.
நடுவீட்டில் ஒரு முட்டுக்கால்,
அடியில் உடைந்த அம்மியின் பாதி.
போன காற்றில் சாய்ந்த சில்வர் ஓக் அது.
கொடி பிடித்து ஏறிய வேர்த்தழும்பு
பட்டையில் அப்படியே இருக்கிறது.

ஐந்து மூட்டை மறுபடி ஏறின.
விலை ஏறவில்லை.

இரவில் எழும்போதெல்லாம்
அதில் நெற்றியை இடித்துக்கொண்டு
கொத்தனாரைத் திட்டுகிறார்.
என்னை ஒன்றும் சொல்வதில்லை.

புதுத் தாள் ஒட்டியிருக்கிறேன்.
சித்திரை மழை இரண்டு பெய்துவிட்டது,
கிழியவில்லை.

இந்த வீட்டுச் சுவரில் ஆணி நின்றதில்லை.
அடித்தால் மண் கொட்டும்,
காலண்டர் அடுப்பங்கரையில் விழும்.
பதினான்கு வருஷத்துக்கு அப்புறம் நேற்று
முட்டுக்காலில் ஒன்று அடித்தேன்.
இறுக நின்றது.

எதை மாட்டுவதென்று
இன்னும் முடிவாகவில்லை.