லிட்டருக்குப் பத்து ரூபாய்

கடல் தாண்டி எங்கோ
பீப்பாய் எண்ணெய் விலை பாதியாகிவிட்டதென்று
விடிகாலைச் செய்தியில் சொன்னபோது
களக்காட்டில் நான்
வாழையிலைக் கட்டுகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பங்க்கில் பலகை நேற்றைய எண்ணிலேயே நின்றது.
"விலை இறங்கிட்டாம்லா, ஜெபக்கனி?"
"இறங்குன அளவுக்கு வரி ஏறிட்டு, அண்ணாச்சி."
குழாயை மாட்டிவிட்டு
அடுத்த வண்டிக்குக் கை காட்டினாள்.

மிச்சம் யாருக்கென்று
மத்தியானச் செய்தியில் தெரிந்தது.
படுத்துக் கிடக்கும் தொழில்களைத்
தூக்கி நிறுத்தச் செலவழிக்கப் போகிறதாம் சர்க்கார்.

படுத்துக் கிடப்பதென்றால் எனக்குத் தெரியும்.
முக்கூடலில் வாரத்துக்கு மூன்று நாள்தான் பீடி இலை கொடுக்கிறார்கள்.
சங்கரன்கோவில் தறிச் சத்தத்தில்
இடையிடையே ஓட்டை.
நயினார்குளம் மண்டியில்
ஆயிரத்துக்குப் போன கட்டை
நானூறுக்குக் கேட்க ஆளில்லை.
என் மைத்துனன் குற்றாலிங்கம்
கொத்துக்கரண்டிக்கு எண்ணெய் தடவிப்
பரணில் போட்டு ஆறு மாசம்.

கணக்குப் போட்டேன்.
லிட்டருக்குப் பத்து, நாளைக்கு ஏழு லிட்டர்,
எழுபது ரூபாய்.
என்னைக் கேட்காமலே கைமாற்று.
மொய் எழுதினால்கூட
நோட்டில் பேர் இருக்கும்.
அன்றிலிருந்து
என் எழுபது ரூபாயைத் தேடிக்கொண்டேதான் வண்டி ஓட்டினேன்.

மாசியில் அகப்பட்டது.
பச்சையாற்றுக்குக் குறுக்கே புதுப்பாலம்.
நீலப் பலகையில் இத்தனை கோடி என்று எழுதியிருந்தார்கள்,
அந்தப் பூஜ்யங்களுக்குள்
எழுபதை எங்கே போய்த் தேட?
ஆனால் சாரத்தின் மேல் குற்றாலிங்கம் நின்றான்.
"அத்தான், நாளைக்கு எண்ணூத்தம்பது!"
மேலே இருந்தே கத்தினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை
அரைக் கிலோ கறியோடு வந்தான்.
எலும்பைக் கடிக்கையில் நினைத்தேன்,
இது என் டீசல்.
கறிக்கடை மைதீன் பழைய பாக்கி வசூலானதில்
வண்டிக்கு டயர் மாற்றினாராம்.
டயர்க்கடை பிரம்மநாயகம்
மகள் சடங்குக்கு இருநூறு இலை சொன்னார், என்னிடம்.
ஊரைச் சுற்றிய பத்து ரூபாய்
நாலு ரூபாயாக என் வாசலில் வந்து நின்றது.
மிச்ச ஆறும்
கான்ட்ராக்டர் வீட்டு மாடியில் இறங்கிக்கொண்டதோ என்னவோ,
அது மட்டும் சீக்கிரமாகவே உயர்ந்தது.

அடுத்த ஆடியில் பாலம் திறந்தது.
அதே வாரம் எங்கோ பீப்பாய் ஏறியது.
ஏறுவதென்றால் பலகைக்குத் தூக்கம் கிடையாது,
ராத்திரி பன்னிரண்டுக்கே எண்ணை மாற்றிவிட்டாள் ஜெபக்கனி.
அன்றைக்குப் போட்ட வரி போட்டபடி இருந்தது.
கரண்டி மறுபடியும் பரணுக்குப் போனது.

பாலம் பொய்யில்லை, நிற்கிறது.
குளத்தைச் சுற்றிப் போன ஏழு கிலோமீட்டர் இனி இல்லை.
நாளைக்கு அரை லிட்டருக்கும் மேல்.
அந்தக் காசைத் தனிப்பையில் போட்டு வைத்தேன்.
வயசு நாற்பத்தாறில்
முதல்முறையாக என்னிடமும்
எண்ணெயில் மிச்சமான பணம்.

என்ன செய்யவென்று
எனக்கும் உடனே தெரியவில்லை.

பழைய சாலையில், குளக்கரைத் திருப்பத்தில்
தங்கபுஷ்பத்தின் டீக்கடை.
விடியுமுன்னே முப்பது வண்டி நிற்கும்,
கண்ணாடி கழுவ ஒரு பையன் இருந்தான்.
இப்போது எல்லா வண்டியும் பாலத்தின்மேல்.
பையனும் இல்லை.
பாய்லரை மட்டும் தினமும் பற்றவைக்கிறாள்.

வெள்ளிக்கிழமைகளில் நான்
பாலத்துப் பக்கம் திரும்புவதில்லை.
வண்டி அரை லிட்டர் அதிகம் குடிக்கிறது.
நான் இரண்டு டீ, ஒரு ரசவடை.

"பாலம் கெடக்கப்போ இங்க எதுக்கு வாறீய?" என்றாள்.
செய்தியில் சொன்ன வார்த்தை
நாக்கு நுனி வரைக்கும் வந்தது.
"டீ குடிக்கத்தான்."

ஐம்பதுக்குச் சில்லறை இல்லை அவளிடம்.
கல்லாவுக்கு அடியிலிருந்து
முனை மடங்கிய நோட்டை எடுத்து
என் பேரைக் கேட்டு
எழுதிக்கொண்டாள்.