அறுபத்தொன்றாம் குழாய்

முன்பலகையைக் கழற்றினேன்.
எண்பத்தெட்டு ஈயக் குழாய்கள், சாம்பல் பூத்து,
ஒன்றன்மேல் ஒன்று சரிந்து,
குளிருக்கு ஒடுங்கிய பாம்புகள்போல என்று சொல்லலாம்.
ஹான்காக்கில் நான் பாம்பு பார்த்ததில்லை.

ஊதுகிறது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள்.
இது உறிஞ்சுகிறது.
மிதிக்க மிதிக்கத் துருத்தி காற்றை வெளியே தள்ளும்,
உள்ளே ஒரு வெறுமை பசித்துக் கிடக்கும்.
சுருள்காகிதம் பித்தளைத் தண்டின்மேல் ஊரும்.
காகிதம் மூடியிருக்கும்வரை மௌனம்.
துளை வந்ததும்
அந்தத் துளையளவு அறைக்காற்று,
காப்பியும் ஈரக் கம்பளிக் கோட்டும் மணக்கும் காற்று,
குழாயில் புகுந்து
நாணயமளவு தோல்சவ்வை உப்பவைக்கும்.
அடைப்பான் எழும்.
தீப்பெட்டியளவு துருத்தி ஒன்றுக்குச் சட்டென வயிறு ஒட்டும்.
சுத்தியல் கம்பியில் விழும்.
இதில் கிழிசலே எழுத்து.

"எவ்வளவு ஆகும்?" என்றார் ஆர்னே பெல்கோனென்
மதுக்கடை மேசையைத் துடைத்தபடி, மூன்றாம் முறை.

அறுபத்தொன்றாம் குழாயில் காற்று போகவில்லை.
கம்பி விட்டுக் குடைந்தேன்.
சூயிங்கம்.
கல்லாய் இறுகி,
ஓரத்தில் ஒரு கடைவாய்ப் பல்லின் பள்ளம்.

உள்ளங்கையில் வாங்கி
விளக்கடிக்குக் கொண்டுபோனார்.
"அம்மா," என்றார். "சில்வி."

பிறகு பாதி என்னிடமும் பாதி துடைக்கும் துணியிடமும் சொன்னார்:
தாமிரச் சுரங்கத்தில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள்
வெளுக்கும்வரை ஆடுவார்களாம்,
ஒரே வால்ட்ஸ், ஒரே சுருள்.
அதில் அந்தச் சுரம் வரும்போதெல்லாம்
மாடியறை விளக்கின் கண்ணாடி கிணுகிணுக்கும்.
தொட்டிலில் கிடந்த இவர் வீறிடுவார்.
அப்பா பாட்டை நிறுத்தமாட்டார்,
பீர் விற்கிறதே.

ஒரு சுரத்தை மட்டும் எடுத்துவிட்டாள் சில்வி.
அறுபத்து நான்கு வருஷம்
பல் போன வால்ட்ஸுக்கு ஆடியிருக்கிறார்கள்,
யாருக்கும் கால் இடறவில்லை.

குழாயைத் துடைத்து மாட்டி மிதித்தேன்.
வந்தது,
நேற்று வைத்த இடத்திலிருந்து எடுத்ததுபோல.
மேலே
ஏதோ கண்ணாடி பதில் சொன்னது.

இருவரும் கூரையைப் பார்த்தோம்.
தெருவில் பனிவாரி வண்டி உறுமிப் போனது.

"திரும்ப அடைத்துவிடுங்கள்."
"அதற்கும் கூலி உண்டு."
"போடுங்கள்."

என் பையில் கம் இருந்தது, புதினா.
மென்றுகொண்டே பில் எழுதினேன்:
துருத்தித் துணி நான்கு கஜம்,
பசை,
தோல்சவ்வு பதினொன்று,
அடைப்பு ஒன்று.