உதிரிப்பாகம் கிடைக்குமா

ஆறாயிரத்து ஐந்நூறு ரிங்கிட்.
அதற்குமேல் ஒரு சென் கிடையாது என்று
கடைக்குள் நுழைந்ததுமே சொல்லிவிட்டேன்.
மிஸ்டர் இங் சிரித்தார்.
கண்ணாடிப் பெட்டிமேல் பச்சைத் துணி விரித்து
நாலு துப்பாக்கியை எடுத்து வைத்தார்,
மீன்கடையில் வைப்பதுபோல்
தலை எல்லாம் ஒரே பக்கமாக.

பாடாங் செராய் செம்பனை ஆலையில்
பத்தொன்பது வருஷமாக ஸ்டோர் கிராணி நான்.
பேரிங், பெல்ட், வாஷர், ஆயில் சீல்
எது எந்தத் தட்டில் என்று
கரண்ட் போனாலும் கை சொல்லும்.
பளபளப்பைப் பார்த்து மேனேஜர் வாங்கிய பம்பு ஒன்று
ஒரு ரப்பர் வளையத்துக்காக
ஏழு மாசம் வாய்பிளந்து கிடந்தது.
ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆகவே நான் முதலில் கேட்டது
குறி தப்புமா என்றல்ல.
"ஸ்பிரிங் கிடைக்குமா?
மகசீன் ஒன்று என்ன விலை?
எக்ஸ்ட்ராக்டர் போனால் எத்தனை நாள் காத்திருக்கணும்?"
இங் சிரிப்பை நிறுத்தி
மூக்குக் கண்ணாடியைத் தேடினார்.

இத்தாலி நல்ல அழகு.
விலை அட்டையை அவரே மெல்லக் கவிழ்த்துவிட்டார்,
மரியாதைக்கு.
துருக்கி மலிவு.
ஸ்லைடை இழுத்தால் பல்லில் மணல் பட்ட ஓசை.
மூன்றாவது குட்டை. கைப்பைக்குள் போகும் என்றார்.
சனிக்கிழமை அட்டையில் ஓட்டை போடப்போகிறவளுக்குக்
கைப்பை எதற்கு?
பிடியில் இடமில்லாமல் என் சுண்டுவிரல்
பஸ் படியில் நிற்பவன் மாதிரி
வெளியே தொங்கியது.

நாலாவது பழசு. செக் நாட்டு எஃகு.
முழு அளவு.
ஒரு பாக்கெட் சீனியைவிடக் கொஞ்சம் கனம்.
ஓய்வுபெற்ற பல்மருத்துவர் ஒருவர் விட்டுப்போனது.
உறையில் உரசி உரசி
வாய்முனையில் கறுப்பு போய் வெள்ளை தெரிந்தது.
"மூஞ்சியில் தழும்பு" என்று இங் வருத்தப்பட்டார்.
கழற்றச் சொன்னேன்.
உள்ளே தடங்கள் சுத்தம்.
குழலுக்குள் வெளிச்சம்
தடங்காமல் சுருண்டு சுருண்டு போனது.
பல்லுக்குள் வாழ்ந்த மனுஷனுக்கு
அழுக்கு எங்கே ஒளியும் என்று தெரியாதா?
நாலு மகசீன் கூடவே.
உதிரிக்குப் பினாங்கில் ஆள் உண்டு.

சுட்டுப் பார்க்காமல் காசு தரமாட்டேன் என்றேன்.
கிளப்பில், அஸ்ஹார் பக்கத்தில் நிற்க,
மூன்று வகைத் தோட்டா, இருநூறு.
இருப்பதிலேயே மலிவானதை முதலில்.
நூற்றி அறுபத்தெட்டில் ஒருதரம் சிக்கியது.
அஸ்ஹார் "ஹாய்யா" என்றார்.
இங் வானத்தைப் பார்த்தார்.
நான் மகசீனைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றாம் எண்.
அதே மகசீனை மறுபடி போட்டேன், மறுபடி சிக்கியது.
மற்ற மூன்றிலும் ஒன்றுகூட இல்லை.
குறை இரும்பில் இல்லை,
எட்டு ரிங்கிட் ஸ்பிரிங்கில்.
அதைச் சொல்லி முந்நூறு குறைத்தேன்.

பாலாய்க்கு நாலு நடை,
லைசென்ஸ், முத்திரை, கைரேகை.
எல்லாம் முடிந்தும் அது வீட்டுக்கு வரவில்லை.
கிளப்பின் இரும்பு அலமாரியில் இருக்கிறது,
இரண்டு சாவிப் பூட்டு,
இரண்டில் ஒன்றும் என்னுடையதில்லை.

ஆயுத பூஜையன்று
தியாகு தன் பழ லோரிக்கு மாலை போட்டு
டயருக்கு எலுமிச்சை வைத்தான்.
"அம்மா, ஊரிலேயே நிஜ ஆயுதம் உன்னுதுதான்,
அதக் காணோமே?" என்றாள் யஷ்வினி.
தேடிப் பார்த்தேன்.
வீட்டில் இருந்தது காதடைப்பான் ஒன்றுதான்.
அதற்கு இரண்டு பக்கமும் சந்தனம் வைத்து
பொட்டு வைத்தேன்.

அடுத்த சனி,
தலையில் மாட்டியதும் கன்னமெல்லாம் சந்தன வாசம்.
முதல் குண்டு நாலு விரல் இடதுபக்கம் போனது.
அஸ்ஹார் துப்பாக்கியைப் பார்த்தார்.
அதில் ஒன்றுமில்லை என்றேன்.