அசையாதவர்களுக்கு வெளிச்சம் இல்லை

முதலில் மெயினை அணைத்தேன்.
அணைத்த பின்னும் நம்பவில்லை;
டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், இரண்டு முறை.
வின்னிபெக்கில், மைனஸ் முப்பத்தொன்றில்,
நிலவறைச் சலவை அறையில்,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பழைய சுவிட்சைப் பிடுங்கினால்
பெட்டி நிறைய யாரோ திணித்த செய்தித்தாள்.
அதற்கும் பின்னால் வெள்ளைக் கம்பிக் கற்றை.
நியூட்ரல் இருக்கிறது. அப்பாடா.
கறுப்போடு கறுப்பு, வெள்ளையோடு வெள்ளை,
பச்சை எர்த்துக்கு.
முனைகளைத் திருகி, இழுத்துப் பார்த்து, மடக்கித் திணித்து
மூடியைப் பொருத்தியபோது
நெற்றியில் ஒற்றைக் கண்ணோடு
அது என்னைப் பார்த்தது.

கட்டடத்தின் சொந்தக்காரர் கால்கரியில்.
கரன்ட் பில்லோடு மட்டும்தான் அவருக்கு உறவு.
"ஐந்து நிமிடம் போதும், போஹ்தானா.
துணி போட ஐந்து, எடுக்க ஐந்து."
ஐந்தில் வைத்தேன்.
பொட்டென்று போக வேண்டாமே என்று
கடைசி அரை நிமிடம் மங்கலாக்கினேன், நாற்பது சதவீதம்.
அதற்குக் கீழே இறக்கினால்
புது எல்.இ.டி. பல்பு
குளிர்ஜுரக்காரனைப் போல் வெடவெடத்தது.

மூன்றாம் வாரம் கதவை இடித்தார்கள்.
பஸ் டிப்போ மெக்கானிக் இசிடோர் லாஜிமோதியேர்;
விமான நிலையத்தில் இரவெல்லாம் பெட்டி தூக்கும் மக்பானுவா.
ட்ரையர் பக்கத்தில்தான் சூடு என்று
ஞாயிறுதோறும் அங்கே சதுரங்கம்.
யோசிக்கிறவன் அசைவதில்லை.
அசையாதவன் இல்லவே இல்லை என்பது சுவிட்சின் சித்தாந்தம்.
விளக்கு போயிற்று. கை ஆட்டியதும் வந்தது. வந்தபோது
மக்பானுவாவின் யானை ஒரு கட்டம் தள்ளி நின்றது.
"இருட்டில் நடக்குமா யானை?"
"அது எப்போதும் அங்கேதான் நின்றது."
தீர்ப்பு சொல்ல எனக்குத் தெரியாது.
ஸ்க்ரூடிரைவரோடு போய் முப்பது நிமிடமாக்கினேன்.
கால்கரிக்குச் சொல்லவில்லை.

பத்து நாள்தான்.
மறுபடி கதவு. இந்த முறை கெஞ்சல்:
ஐந்துக்கே திருப்ப முடியுமா?
முப்பது கொடுத்தால்
இசிடோர் ஒரு காய்க்கு முப்பதையும் தின்கிறாராம்.
ஆகவே புது விதி.
காய் நகர்ந்தால் வெளிச்சம் மறுபடி முதலிலிருந்து.
மங்கினால் எச்சரிக்கை. அணைந்தால் தோல்வி.
மூக்கைச் சொறிவது தப்பாட்டம்.
இருமலுக்கு மன்னிப்பு உண்டு, ஆட்டத்துக்கு இரண்டு.

அன்றிலிருந்து எனக்கு மாதம் ஒருநாள்
அந்தக் கண்ணை உலர்ந்த துணியால் துடைக்கும் வேலை.
ஈரம் கூடாது. கண்ணாடி துடைக்கும் திரவம் கூடவே கூடாது.
பிப்ரவரியில் விளக்கு அணைய மறுத்தது,
அறையில் ஈ காக்கை இல்லாதபோதும்.
ட்ரையர் குழாயில் விரிசல்;
சூடான காற்று சுருண்டு எழுந்து
ஆளைப் போலவே நடமாடியிருக்கிறது.
அந்தக் காற்றின் புண்ணியத்தில் நான்கு ஆட்டம்
தோற்காமல் தப்பிய இசிடோர்
தனக்கு எதுவும் தெரியாது என்று சத்தியம் செய்தார்.
குழாய்க்கு அலுமினிய டேப்.
கண்ணின் இடது ஓரத்தில் கால் அங்குலம் கறுப்பு டேப்:
அந்தப் பக்கம் இனி அதற்குக் குருடு.

நேற்றிரவு மாப் எடுக்க இறங்கியவள்
பாதியில் விட்ட பலகையின் முன் உட்கார்ந்தேன்.
காய் நகர்த்தும் விதி மட்டும்தான் தெரியும்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
மங்கியது.
மூச்சை மெதுவாக விட்டேன்.
அணைந்தது.
ஈரத் துணியின் வாடை, எங்கோ ஒரு பொத்தான்
இரும்பில் இடித்துக்கொண்டிருக்கும் சத்தம்.
சும்மா ஒரு சோதனைக்கு, யானையை நோக்கிக் கை நீட்டினேன்.

தொடுவதற்குள் வெளிச்சம்.
கையும் களவுமாக நான்.

அப்படியானால் மக்பானுவா சொன்னது நிஜம்.
இருட்டில் யானை நடந்திருக்க முடியாது.
இசிடோரிடம் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

சொன்னால், அந்த டேப்பைப் பற்றியும் கேட்பார்.
இடது பக்க நாற்காலி யாருடையது என்று
இனிமேல்தான் பார்க்க வேண்டும்.