காசிமேட்டு ஐஸ்

ஆய்வகத்து ஐஸ் மெஷின் பழுதாகி ஐந்து மாதம்.
ஃபைல் இன்னும் மேசை மாறவில்லை.
விடிகாலை நாலரைக்கு
காசிமேட்டில் டில்லிபாபு கடையில்
பாதிப் பாளம் வாங்கிச் சாக்கில் சுற்றி
கிண்டிவரை ஸ்கூட்டரில் கொண்டுவந்தேன்.
வழியெல்லாம் சொட்டியது.
சிக்னலில் ஒரு பூனை என்னை நம்பிப் பார்த்தது.

பென்சிலில் எழுதுகிற அதே கரிதான்.
அமிலத்தில் போட்டு
பெர்மாங்கனேட்டைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவவேண்டும்.
அவசரக்காரர்களின் கதை
எங்கள் கூரையில் கறையாக இருக்கிறது.
மீன்வாடை ஐஸில் குடுவையை உட்காரவைத்து
நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
கடைசியில் பெராக்சைடு விட்டதும்
கரி சட்டென்று மஞ்சளானது,
பழுத்த பங்கனபள்ளி மஞ்சள்.
இதைப் பார்க்கத்தான் இந்தத் துறைக்கு வந்தேன்.
நேர்முகத் தேர்வில் வேறு காரணம் சொன்னேன்.

பிறகு கழுவல்.
ஒரு வாரம் கழுவல்.
ஏடு ஏடாகப் பிரியும், ஓர் அணுக் கனம்.
ஒரு கிராமை முழுதாக விரித்தால்
ஆறு கல்யாண மண்டபம்,
அத்தனையும் பந்திக்கு இடம்.

மெத்திலீன் நீலம் வந்தது, உட்கார்ந்தது.
தொண்ணூற்றெட்டு விழுக்காடு.
வளைகோட்டை வழிகாட்டிக்கு அனுப்பினேன்,
கட்டைவிரல் ஒன்று திரும்பி வந்தது.

ஆனால் மெத்திலீன் நீலத்தை
இந்த ஊரில் யாரும் உடுத்துவதில்லை.

பழைய வண்ணாரப்பேட்டை, மல்லீஸ்வரியின் பட்டறை.
“கேன் எடுத்தாந்தியா? புடி.”
இருபது லிட்டர் சிவப்பு.
அதில் உப்பு, சோடா, நூல்பிசிறு,
ஒரு சட்டைப் பித்தான்.
என் ஏடுகள் முகம் திருப்பிக்கொண்டன.
ஏட்டுக்கும் எதிர்மின், சாயத்துக்கும் எதிர்மின்.
இரண்டும் மாப்பிள்ளை வீட்டார்,
யார் யாரை உபசரிப்பது?
பதினொரு விழுக்காடு.

அடுத்த பாளம் வாங்கப் போனபோது
கடைக்குப் பின்னால் குவிந்திருந்தது இறால் ஓடு.
“எவ்ளோ வேணா அள்ளிக்கோ,
நாத்தம் போனா சரி.”
அமிலத்தில் ஊறவைத்து, காரத்தில் கொதிக்கவைத்து,
என் விடுதியில் இரண்டு பேர் அறை மாறியபின்
கைட்டோசான் கிடைத்தது.
கரியோடு கலந்து சொட்டுச் சொட்டாக இறக்க
மிளகு மிளகாய் உருண்டது.
பெண்வீட்டார் வந்துவிட்டார்கள்.

அவள் பட்டறையிலேயே, அவள் பக்கெட்டிலேயே.
கொஞ்சம் புளிப்பு சேர்த்து
மணிகளைக் கொட்டிக் கிளறினோம்.
அவள் ஒரு டீ குடித்தாள்,
போனில் யாரையோ திட்டினாள்,
திரும்பினால் பக்கெட்டின் அடி தெரிந்தது.

“எங்க போச்சு?”
“மணிக்குள்ள.”
“அப்ப எடுத்துக் குடு.
கிலோ என்னா வெலை தெரியுமா?”

காரத்தில் மணிகளைப் போட்டேன்.
சிவப்பு திரும்பி வந்தது, அதே சிவப்பு.
வெள்ளைத் துண்டை முக்கி அலசினாள்.
வெள்ளையாகவே வந்தது துண்டு.
தண்ணீரோடு கைகோத்துவிட்ட சாயம்
நூலின் கையைப் பிடிக்காது என்றேன்.
“செத்த சாயம்னு சொல்லு.”

பிறகு அவள் செய்ததை நான் தடுப்பதற்குள்
தெளிந்த பக்கெட்டில் விரல் விட்டு
நாக்கு நுனியில் வைத்தாள்.
“உப்பு அப்டியே கீது.”
உப்பு போகாது அக்கா,
அதுதான் இதன் குறை, எழுதியிருக்கிறேன்.
“கொறையா? அடுத்த வண்ணத்துக்கு
மூட்டை மூட்டையா உப்பு கொட்டறது யாரு?
லாரி வரலன்னா மூணு நாளு மூடிக் கெடக்கறது யாரு?
இத்த அப்டியே தொட்டிக்குத் திருப்பு.”

குறைகள் என்ற பத்தியை
அன்று இரவு எடுத்து
வேறு தலைப்பின்கீழ் வைத்தேன்.
அந்தத் தலைப்பு இன்னும் சரியாக வரவில்லை.

செத்த சிவப்பு ஒரு ஜாடியில் என் ஜன்னலில் இருக்கிறது.
அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவதென்று
கேட்டு எழுதியிருக்கிறேன்.
ஐஸ் மெஷினுக்கு மேலே
அந்த ஃபைலும் ஏறிக்கொண்டது.
நாளை நாலரைக்கு எழவேண்டும்.