நாலு புள்ளி இரண்டு

ஊத்துக்கோட்டை மைதானத்தில் இரண்டு சுண்ணாம்புக் கோடுகள்,
நடுவில் இருபது மீட்டர்.
ஸ்பீக்கர் கூவினால் ஓட வேண்டும்,
மறுபடி கூவுமுன் எதிர்க்கோட்டைத் தொட வேண்டும்.
கூவல் நெருங்கிக்கொண்டே வரும்.

மஸ்தானி பதினொன்றாம் கட்டத்தில்கூட
வாயை மூடவில்லை.
ஆந்திரா பக்கமிருந்து சைக்கிளில் வருகிறவள்,
நடு ஆட்டக்காரி,
"இங்கா, இங்கா" என்று
தன் கால்களையே அதட்டிக்கொண்டு ஓடினாள்.
சிந்தாமணி முதல் பத்து மீட்டருக்கு மின்னல்.
கோல் போட அதற்குமேல் தேவையில்லையாம்,
இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள்.
தற்காப்பு லூர்துமேரி அமுக்கியதில்
பிடியளக்கும் கருவியின் முள்
நாற்பத்தொன்றுக்குப் போனது, திரும்பி வரவில்லை.
மேடம் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

நான் கோல் காப்பவள்.
நாலு புள்ளி இரண்டில் புல்லில் விழுந்தேன்.
"எழுந்திருடி."
"சுருட்டப்பள்ளியில சிவனே படுத்திருக்கார், மேடம்."
"அவர் விஷம் குடிச்சார். நீ என்ன குடிச்சே?"
"மோர்."

தாளில் என் வரிசைக்கு மட்டும் சிவப்பு மை.

உடம்பைப் பார்த்து இடம் கொடுத்தார்களா,
இடத்தில் நின்று நின்று உடம்பு இப்படி ஆனதா?
கேட்க வாய் திறந்து
தண்ணீர் குடித்துவிட்டேன்.
வலைக்கம்புகள் வந்த முதல் நாள்,
பஸ் கண்டக்டர் "மீன் பிடிக்கவாம்மா?" என்ற அதே நாள்,
"நீ அகலமா இருக்கே, அங்க நில்லு"
என்றதுதான் எனக்கு நடந்த தேர்வு.

சாயங்காலம் ஆட்டம்.
சிந்தாமணி தோளைத் தாழ்த்துகிறாள்.
பந்து அவள் வலையைவிட்டுக் கிளம்புமுன்
இடது பாதம் ஒரு விரற்கடை வெளியே திரும்பும்.
அவளுக்கே தெரியாது.
நான் யாருக்கும் சொன்னதில்லை.
அரை அடி நகர்கிறேன்.
அவ்வளவுதான் என் ஓட்டம்.

தொடையில் தப்பென்று விழுந்தது,
ரப்பர் என்று பெயர், கல்.
மேடம் வேலிக்கு வெளியே
மாந்தோப்பில் தேடிக்கொண்டிருந்தார்,
பந்து அங்கே போயிருக்கும் என்று.

ராத்திரி பாவாடையை விலக்கி எண்ணினேன்.
நீலத்தில் நாலு,
பழுத்து மஞ்சளானது ஒன்று,
ஆறாவது இப்போதுதான் சிவந்துகொண்டிருந்தது.
எதிர்வீட்டுக் குக்கர் கூவியது.
உட்கார்ந்தபடியே
கால் அரை அடி நகர்ந்தது.