பிழை திருத்தம்

பிரிட்லிங்டனில் ஒரு வாரப் பத்திரிகை.
அதில் செத்தவர்களை எழுதுவது என் வேலை.
வியாழன் மாலை ஐந்துக்குள், ஆளுக்கு நூற்றிருபது சொல்,
ஒரு புகைப்படம், முடிந்தால் சிரித்தபடி.

இருபத்திரண்டு வருடத்தில் கை பழகிவிட்டது.
குடித்தே கரைந்தவன் 'கன்விவியல்'.
கடன் வாங்கித் தெருமாறிப் போகிறவன் 'கலர்ஃபுல்'.
ஊரோடெல்லாம் மல்லுக்கு நின்றவள்
மனதில் பட்டதைச் சொல்பவர்.
பெற்ற பிள்ளைகளே வராத சாவுக்கு
'பிரைவேட்' என்று ஒரு சொல்,
கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிற மாதிரி.
ஊருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
யாரும் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை.

ஹெட்லி ஓல்ட்ராய்டுக்கு
'கிரிகேரியஸ்' போட்டேன்.
சிங்கி இறால் கூண்டு போட்டவர்.
மதுக்கடை வாசலில்
எப்போதும் நாலு பேருக்கு நடுவில் நிற்பார்.
நான் பார்த்தது அவ்வளவுதான்.
மந்தை என்ற லத்தீன் வேரில் முளைத்த சொல்;
பொருத்தம் என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை மழையோடு வந்தாள் அவர் மனைவி எனிட்.
கோட்டைக் கழற்றவில்லை.
மேசையில் பத்திரிகையை விரித்து விரல் வைத்தாள்.
அந்த ஒரு சொல் மட்டும் ஈரத்தில் ஊதிப் பெருத்தது.
"இது யாரு?"

"நாப்பத்தோரு வருஷம் என்கூட இருந்தவர் பேசமாட்டார்.
அந்த நாலு பேருந்தான் பேசினாங்க.
இவர் நடுவுல நின்னார்."

முதுகில் டேப் ஒட்டிய தடித்த அகராதியை எடுத்தேன்.
'டாசிடர்ன்' என்றேன்.
வாய்க்குள் போட்டுப் பார்த்தாள், முள் இருக்கிறதா என்று.
"பல் டாக்டர் கிட்ட போறாப்ல இருக்கு."
'லாக்கானிக்'?
"அது சுருக்கமாப் பேசுறவங்க.
இவர் சுருக்கமாக்கூடப் பேசலை."
'சாட்டர்னைன்' என்று ஒன்று உண்டு,
சனிக்கோளின் பெயரால், இருண்ட முகக்காரர்களுக்கு.
சொல்லியிருக்கக் கூடாது.
"இருட்டா? அவரா?"

ஜன்னலில் மழை. கீழே யாரோ
வேனைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள்,
பீப் பீப் என்று, வெகுநேரம்.

"விடியக்காலம் மூணரைக்குக் கடலுக்குப் போவார்.
போறதுக்கு முன்ன
ஆறிப்போன வெந்நீர்ப் பையை எடுத்து
திரும்பக் கொதிநீர் ஊத்தி
என் காலடியில சொருகிட்டுப் போவார்.
நான் தூங்குற மாதிரி கிடப்பேன்.
மாதிரிதான்னு அவருக்கும் தெரியும்.
இதுக்கு என்ன சொல்லு?"

பக்கம் புரட்டினேன்.
'கன்சிடரேட்' வாழ்த்து அட்டை விற்கிற கடையில் கிடக்கும்.
'அக்சோரியஸ்' இருந்தது:
மனைவிமேல் அளவுமீறிப் பிரியம் வைத்தவன்.
அகராதி அதை ஒரு குற்றம் போல எழுதியிருந்தது.
வாசித்துக் காட்டினேன்.
முதல்முறையாகச் சிரித்தாள்.
"அளவை யாரு வச்சாங்க?"

அந்த வாரம் ஏழாம் பக்க மூலையில்
பிழை திருத்தம் வந்தது:
திரு. ஹெட்லி ஓல்ட்ராய்ட் பற்றிய குறிப்பில்
'கிரிகேரியஸ்' என்ற சொல்லை நீக்கி வாசிக்கவும்.
நீக்கிவிட்டு என்ன, என்று கேட்டார் ஆசிரியர்.
நீக்கிவிட்டு, அவ்வளவுதான்.

அடுத்த சாவு, ஓய்வுபெற்ற பஸ் பரிசோதகர்.
தொலைபேசியில் ஹல்லிலிருந்து தம்பி மகன்.
"ஜாலியான மனுஷன்னு போடுங்க."
காலையில் எழுந்ததும் என்ன செய்வார், என்று கேட்டேன்.
"யாரு?"
உங்கள் பெரியப்பா.
அந்தப் பக்கம் நீளமாக மூச்சு.
"தெரியலையே.
நான் அங்க ராத்தங்கினதே இல்லை."

மணி நாலு ஐம்பது.
'ஜோவியல்' என்றே போட்டேன்.
வியாழனின் பெயரால் வந்த சொல்.
அன்றைக்கும் வியாழன்தான்.